ஞாயிறு மத்தியானம் வரும் மணி

சாலமோன்குடியிருப்பு ஆலயத்துக்கு மாசிலாமணி வாத்தியார் செய்து கொடுத்த தேக்கு பெஞ்சு, அறுப்பின் பண்டிகை முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஆராதனை கலைந்து ஊரே கறிச்சோற்றுக்கு உட்கார்ந்திருந்த வேளையில், தன் கால்களை ஊன்றி எழுந்து, பக்கவாசல் படியில் பார்த்துப் பார்த்து இறங்கி, செம்மண் தெருவோடு நடந்து, எதிரே வந்த மினி பஸ்ஸுக்கு ஒதுங்கி வழிவிட்டு, வாத்தியார் வீட்டு வாசலில் வந்து நின்றது. வாத்தியார் எச்சில் கையோடு எட்டிப் பார்த்தார். அவர் மனைவி ஒரு செம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து அதன் கால்களைக் கழுவிவிட்டாள், வருகிற வழியில் அது சாணியை மிதித்திருந்தது. "உள்ள வரச் சொல்லவா, வெளியவே நிக்கட்டுமா?" என்று கேட்டாள். பள்ளிக்கூடத்தில் எந்தக் கேள்வி கேட்டாலும் பிரம்பை எடுத்துக்கொண்டே பதில் சொல்லிப் பழகிய வாத்தியாருக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. வீடு தேடி வந்ததை வாசலில் நிறுத்துவது மரியாதை இல்லை என்று தோன்றியதால் பெஞ்சை உள்ளே கூட்டிப்போய்ச் சுவரோரமாக இடம் கொடுத்தார்கள்.

பெஞ்சைக் குற்றம் சொல்ல முடியாது. அதன் முதுகு நெடுக வாத்தியார் பெயர், வாத்தியார் வாங்கிய பட்டம், வாத்தியார் மனைவி பெயர், அவள் பிறந்த ஊர் எல்லாம் வெள்ளைப் பெயின்டில் எழுதியிருந்தது. ஒரு வீட்டு விலாசத்தை வருஷக்கணக்கில் முதுகில் சுமந்தால் என்றைக்காவது அந்த வீட்டைத் தேடிப் போகத்தான் தோன்றும். அந்த ஆலயத்தில் பெயர் இல்லாத பொருளைத் தேடினால் கண்தான் வலிக்கும். டியூப்லைட்டில் அன்பளிப்பு என்று ஆரம்பித்து, தாத்தாவில் தொடங்கிப் பேரன் வரைக்கும் எழுதியதில் வெளிச்சம் பாதிதான் கீழே விழுந்தது. மின்விசிறி இறக்கையில் எழுதிய பெயர் சுற்றும்போது தெரியாது என்பதால், அதைக் கொடுத்த குடும்பம் மட்டும் பிரசங்க நேரத்தில் கரன்ட் போகவேண்டும் என்று உள்ளூர ஜெபிக்கும். சுவர்க் கடிகாரத்தில் கொடுத்தவர் பெயர் எண்களை மறைத்துவிட்டதால் பிரசங்கத்தை எப்போது முடிக்கவேண்டும் என்பது சபைப் போதகரான ஐயருக்கும் தெரியாமல் போயிற்று. அறுப்பின் பண்டிகையில், முதல் விளைச்சல் என்று காணிக்கையாக வந்த பூசணிக்காயை ஏலம் விட்டால், இரண்டு குடும்பங்கள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டே அதைத் தோப்பு விலைக்கு ஏற்றி, எடுத்த குடும்பம் அதை வீட்டுக்குக் கொண்டுபோய், இவ்வளவு விலை கொடுத்ததைக் கறிவைக்க மனசு வராமல் அழுகவிடும். எல்லாம் தேவனுக்கே மகிமை என்றுதான் சொல்வார்கள். சொல்லும்போது மட்டும் மைக் பிடித்திருப்பவரைப் பார்த்துக்கொள்வார்கள்.

பெஞ்சு போன வழியே மற்றதும் போயிற்று. மின்விசிறி தெருவில் தாழப் பறந்து, துணி காயப்போட்ட கொடிகளுக்குக் குனிந்து குனிந்து தன் வீட்டை அடைந்தது. கடிகாரம் உருண்டு போனது. திருவிருந்து மேசை விரிப்பு, காற்றே இல்லாத வெயிலில், நான்கு முனையையும் தூக்கிக்கொண்டு போனது. பிரசங்க பீடம் கனமானது ஆனபடியால் மரத்துக்கு மரம் நின்று இளைப்பாறி, பொழுது சாயும் நேரத்தில் அதைக் கொடுத்த ஆடிட்டர் வீட்டுக்குப் போய்ச்சேர்ந்து, வாசல்படி குறுகலாக இருந்ததால் வெளியிலேயே நின்றது.

மணியும் அன்றுதான் வந்தது. அதைக் கொடுத்தவர் கருப்பட்டி வியாபாரம் செய்த ஞானசிகாமணி. சுற்றுப்பட்ட பனங்காட்டில் காய்ச்சுகிற கருப்பட்டி எல்லாம் அவருடைய கிட்டங்கியில் அடுக்கி, வெயிலும் ஈரமும் படாமல் பத்திரமாக வைத்து, பிறகுதான் வெளியூருக்கு லாரி ஏறும். எதையும் பத்திரமாக வைப்பதில் கெட்டிக்காரர் என்று பெயர். அவருக்கும் ரூபவதிக்கும் ஒரே மகள் சுகிர்தா, பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிக் கல்லூரி படித்த பிள்ளை, ஒரு விஷக்காய்ச்சலில் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிள்ளையைப் பிழைக்க வையும், இந்த ஜில்லாவிலேயே இல்லாத மணி ஒன்று உம்முடைய ஆலயத்துக்குச் செய்து வைக்கிறேன் என்று ஞானசிகாமணி ஆஸ்பத்திரி வராந்தாவில், போகிறவர்களும் வருகிறவர்களும் பார்க்க, முழங்காலில் நின்றார். பிள்ளை பிழைக்கவில்லை. ஆனாலும் மணி வந்தது, பெரிய வெண்கல மணி, அதன் இடுப்பில் மகள் பெயர் புடைத்த எழுத்தில் வார்த்திருந்தது. பிள்ளையை எடுத்துக்கொண்ட பிறகும் சொன்ன சொல் தவறாத மனுஷன் என்று ஊர் மெச்சியது. ஐயர் அவரை, பெற்ற பிள்ளைகளை எல்லாம் இழந்த பிறகும் தேவனைக் குறைசொல்லாத யோபுவோடு சேர்த்துப் பிரசங்கம் பண்ணினார். ஞானசிகாமணி தலையைக் குனிந்துகொண்டார், அதை எல்லோரும் தாழ்மை என்று நினைத்தார்கள்.

அந்த மணிதான் அன்று மத்தியானம் கோபுரத்திலிருந்து இறங்கி, தன் நாக்கை அசையாமல் பிடித்துக்கொண்டு, விளிம்பில் உருண்டு உருண்டு வந்து, பஸ் நிறுத்தத்து வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் நின்று, மேலத்தெரு திரும்பி, அவர் வீட்டுக் கேட்டுக்கு முன்னால் நின்று ஒரே ஒரு தடவை அடித்தது. சுகிர்தாவும் விடுதியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியான பஸ்ஸில்தான் வருவாள். கேட்டைத் தானாகத் திறக்கமாட்டாள். வெளியில் நின்று ஒரே ஒரு தடவை "அப்பா" என்று கூப்பிட்டுவிட்டுக் காத்திருப்பாள், அவர் வந்து பையை வாங்கவேண்டும். ஞானசிகாமணி சோற்றை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். மணி வெயிலில் கொதித்துப்போய் நின்றது. தோளில் கிடந்த துண்டால் அதன் மேல் படிந்திருந்த செம்மண்ணைத் துடைத்து, எழுத்து எழுத்தாகத் துடைத்து, கேட்டைத் திறந்துவிட்டார்.

சபைக் கூட்டம் கூடியது. "இது பிசாசோட வேலை" என்றார் ஒருவர். "பிசாசு எதுக்குவே திருப்பிக் குடுக்குது? அது எடுத்துட்டுல்லா போவும்" என்றார் இன்னொருவர், அதற்கு யாராலும் மறுப்புச் சொல்ல முடியவில்லை. ஐயர், வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்பதைப் பற்றி ஒரு பிரசங்கம் வைத்திருந்தார். வருஷா வருஷம் பண்டிகையில் அதைத்தான் சொல்லுவார், சொல்லி முடித்த கையோடு மைக்கிலே கொடுத்தவர்கள் பெயரை வாசிப்பார். இப்போது அதைத் திரும்பச் சொல்ல அவருக்கே கூச்சமாக இருந்தது. கடைசியில், பொருட்களை வண்டியில் ஏற்றித் திரும்பக் கொண்டுவந்து வைப்பது என்று தீர்மானம் ஆயிற்று. வைத்தார்கள். அடுத்த ஞாயிறு மத்தியானம் எல்லாம் வீட்டுக்குப் போய்விட்டன. கயிற்றால் கட்டிவைத்தார்கள், பெஞ்சு கயிற்றையும் இழுத்துக்கொண்டு வந்தது. பூட்டு போட்டார்கள், பூட்டும் ஒருவர் அன்பளிப்புதான் என்பதை மறந்துவிட்டார்கள்.

மனுஷருக்குப் பழகாதது ஒன்றும் இல்லை. கொஞ்ச நாளில், திங்கட்கிழமை என்றால் பொருட்களை ஏற்றிவிடுவதும், ஞாயிறு மத்தியானம் என்றால் கோழியைக் கூடைபோட்டுக் கவிழ்த்து, பிள்ளைகளைத் தெருவிலிருந்து உள்ளே கூப்பிட்டு, திரும்பி வருகிறவற்றுக்கு வழிவிடுவதும் ஊர் நடைமுறையில் சேர்ந்துபோயிற்று. மினி பஸ் டிரைவர் அந்த நேரத்தில் ஹாரன் அடிக்காமல் மெதுவாக ஓட்டக் கற்றுக்கொண்டார். பக்கத்து ஊர்க்காரர்கள் பார்க்க வந்தார்கள், அவர்களுக்காக ஒரு டீக்கடை முளைத்தது. முதலில் கடவுள் திருப்பி அனுப்பிவிட்டார் என்று வெட்கப்பட்டவர்கள், பிறகு, எங்கள் வீட்டுக்கு எத்தனை வருகிறது பார் என்று வாசலில் நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்தார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில், "மாப்பிள்ளை வீட்டுக்கு ஆர்மோனியம் வருதாம்" என்று தரகர் சொல்லுவதும் நடந்தது.

ஆலயம் வெறிச்சென்று போனது. போகாமல் நின்றவை சில உண்டு: ஒரு கோரைப்பாய், ஒரு தண்ணீர்ப் பானை, விளக்குமாறு, ஓட்டை விழுந்த பனையோலை விசிறி. யார் கொடுத்தது என்று யாருக்கும் தெரியாதவை. மாசிலாமணி வாத்தியார் அந்தப் பாயில் உட்கார்ந்து ஆராதிக்கவேண்டி வந்தது. ஆராதனையில் எல்லோர் கண்ணும் அந்தப் பாயின் மேலேயே நிற்க, அதைக் கொடுத்தது நான்தான் என்று ஒருவர் மெதுவாகச் சொல்லிப்பார்த்தார், இன்னொருவரும் சொன்னார். பாய் அவர்களைக் கண்டுகொள்ளவே இல்லை. கடைசியில், இட்லி வியாபாரம் செய்கிற எப்சிபாளுக்குத்தான் பொறுக்கவில்லை. "ஒரு மனசாட்சி வேண்டாமா? வாயக் கட்டி வயித்தக் கட்டி இந்தப் பாய வாங்கிப் போட்டது நான்லா!" என்று ஆலய வாசலில் நின்று கத்திவிட்டாள். அவள் பாதி வழி போவதற்குள் பாய் தன்னைத்தானே சுருட்டிக்கொண்டு அவள் பின்னாலேயே வந்தது. எப்சிபாள் திரும்பிப் பார்த்து, "நான் ஒண்ணும் சொல்லலியே, நான் ஒண்ணும் சொல்லலியே" என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பாய் அவள் வீட்டுக்குள் போய்விட்டது.

அன்றைக்குத்தான் ஊருக்குப் பயம் வந்தது. எழுத்தில் இருந்தால் அழித்துவிடலாம், வாயில் இருப்பதை, மனசில் இருப்பதை எதைப் போட்டுத் தேய்ப்பது? இருந்தாலும் மண்ணெண்ணெயும் உப்புத்தாளும் வாங்கித் தேய்க்கத்தான் செய்தார்கள். வாத்தியார் பெஞ்சின் முதுகை இழைப்புளி போட்டு இழைத்துவிட்டு, வருகிறவர் போகிறவரிடம் எல்லாம், "எம் பேரை நானே அழிச்சிட்டேன், பாத்தீரா?" என்று காட்டினார், பெஞ்சு அந்த ஞாயிறும் வந்துவிட்டது. பிறகு என்ன நடந்தது என்றால், பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை, ஆட்களுக்கு அலுத்துப்போயிற்று. ஏற்றியும் இறக்கியும் முதுகு வலித்துப்போயிற்று. இது யாருடையதாக வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும், ஆலயத்திலேயே கிடந்தால் போதும் என்று ஒவ்வொருவராக அலுத்துச் சலித்து, தங்களுடையது எது என்பதையே மறந்த நாளில், அந்தந்தப் பொருள் நின்ற இடத்தில் நின்றுகொண்டது. எப்சிபாளின் பாய்கூடத் திரும்பிப் போய்விட்டது. மழைக்காலம் முடிவதற்குள் ஆலயத்தில் எல்லாம் இருந்தன, எதிலும் பெயர் இல்லை, மணிக்கூண்டு மட்டும் ஞாயிறுதோறும் காலியாயிற்று.

மணியை அனுப்ப முயற்சி செய்யவில்லை என்று ஞானசிகாமணியை யாரும் சொல்ல முடியாது. திங்கள்தோறும் ஊர் பார்க்க டிராக்டரில் ஏற்றி அனுப்புவார், ஆள் வைத்துத் தூக்கிக் கட்டுவார். ஆனால் சனிக்கிழமை வந்துவிட்டால் அவருக்கு இருப்புக்கொள்ளாது. கிட்டங்கியில் உட்கார்ந்தால் வீட்டுக்கு வருவார், வீட்டுக்கு வந்தால் தெருவுக்குப் போவார், தெருவில் கல் கிடந்தால் காலால் ஒதுக்குவார், பஸ் நிறுத்தம் வரை நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வருவார். ஞாயிறு ஆராதனையில் ஜெபத்துக்குக் கண்ணை மூடினால் அவருக்குக் கேட்டுக் கதவுதான் தெரியும். வீட்டுக்கு வந்து சோற்றுக்கு உட்காருவார், பிசைவார், சாப்பிடமாட்டார். துண்டு தோளிலேயே இருக்கும்.

மணி அடிக்கிற நேரத்தில் ரூபவதி சமையலறையை விட்டு வெளியே வருவதில்லை. அதை அவர் வெகுநாள் கவனிக்கவில்லை. கவனித்த அன்று கோபம் வந்தது.

"ஏட்டி, வந்து பாக்கக்கூடாதா? எவ்வளவு தூரம் உருண்டு வருது."

"எதுக்கு வருது?"

"பேரு இருக்குல்லா, அதான்."

"அப்பம் பேர அழிச்சிருங்க."

"பெத்த தாயா நீ பேசுத பேச்சு?"

ரூபவதி அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். "பெத்ததுனாலதான் பேசுதேன். அந்த ஒத்த அடி கேக்கும்போதெல்லாம் எனக்குக் கை கால் ஓடல. நீங்க துண்ட எடுத்துட்டு ஓடுதிய. ஒங்களுக்கு வாரா வாரம் மணி வருது. எனக்கு வாரா வாரம் அவ வரல."

அவர் அன்று சாயங்காலம் அரத்தை எடுத்துக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்தார். வெண்கலத்தில் புடைத்து நின்ற எழுத்தை ராவுவது லேசில்லை. முதல் எழுத்து போவதற்குள் கை கொப்பளித்துவிட்டது. ராவ ராவப் பொடி மஞ்சளாக மடியில் விழுந்தது, அவர் மடியை அசைக்காமல், மூச்சையும் மெதுவாக விட்டுக்கொண்டு, பெயர் முழுவதையும் ராவி முடித்து, பொடி ஒரு துளி சிந்தாமல் கைக்குட்டையில் வழித்துக் கட்டி, சட்டையின் உள்பையில் வைத்துக்கொண்டார். பத்திரமாக வைப்பதில் கெட்டிக்காரர் இல்லையா. ரூபவதி வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் மொட்டை மணி உருண்டு வந்து கேட்டுக்கு முன்னால் நின்று ஒரு தடவை அடித்தது.

பெயர் போன பிறகும் மணி வருகிறது என்றால் அவர் மனசுதான் அதை விடவில்லை என்று இப்போது ஊருக்கே தெரிந்துவிட்டது. ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் அவரைப் போட்டு வாட்டியது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பார். ஒரு திங்கட்கிழமை காலையில், மணியை ஏற்றி அனுப்புமுன், ஆள் இல்லாத நேரம் பார்த்துக் காலி மணிக்கூண்டுக்குள் போய் நின்று, மேலே அண்ணாந்து பார்த்து, யாரிடம் பேசவேண்டுமோ அவரிடமே பேசினார். "நான் காணிக்கை குடுக்கல, ஒமக்கே தெரியும்" என்றார். "ஒவ்வொரு அடிக்கும் எம் பிள்ளை பேரு ஒம்ம காதுல விழணும். என்ன செஞ்சீருன்னு ஒமக்கு மறக்கக் கூடாது. அதுக்குத்தான் இம்புட்டுப் பெருசாச் செஞ்சேன். ஊரு என்னை யோபுன்னு சொல்லிச்சு, நான் வாய மூடிட்டு இருந்தேன். இப்பம் திருப்பி அனுப்பிட்டீரு. கேக்கக்கூட மனசில்லையா ஒமக்கு?" கூண்டுக்குள் புறாக்கள் சிறகடித்தன. வெளியே வந்தபோது அவருக்குக் கோபமும் குறையவில்லை, பாரமும் இறங்கவில்லை, வெயில் மட்டும் ஏறியிருந்தது.

அந்த வாரம் அவர் மணியை அனுப்பவில்லை. முற்றத்திலேயே கிடந்தது. புதன்கிழமை காலையில் தேவஇரக்கம் வந்தார். தேவஇரக்கம் பனையேறி, அவர் காய்ச்சும் கருப்பட்டியும் ஞானசிகாமணியின் கிட்டங்கிக்குத்தான் வரும். கேட்டுக்கு வெளியே நின்றார். இடுப்பில் பாளை அரிவாள் இல்லை, சட்டை போட்டிருந்தார், அதிலேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது.

"பெர்சியாள் போயிட்டா மொதலாளி. விறகுக்குள்ள பாம்பு கெடந்திருக்கு. கொண்டுபோறதுக்குள்ள..."

பெர்சியாள் அவர் மகள், பள்ளிக்கூடச் சீருடையில் ரெட்டைச்சடை போட்டு, ஓலைக் கொட்டான் நிறைய நுங்கு கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிற பிள்ளை.

சாலமோன்குடியிருப்பில் துக்க மணி அடித்த பிறகுதான் பிரேதத்தை வீட்டிலிருந்து எடுப்பார்கள். மணி அடிக்கிறவர் ஒவ்வொரு அடிக்கும் இறந்தவர் பெயரைச் சொல்லவேண்டும், அது வழக்கம். மணிக்கூண்டு காலியாக இருக்கிற நாட்களில் பள்ளிக்கூடத்துத் தண்டவாளத் துண்டைத் தட்டி ஒப்பேற்றிக்கொண்டிருந்தார்கள்.

"தண்டவாளம் வேண்டாம் மொதலாளி" என்றார் தேவஇரக்கம். "அவ நெதமும் அந்த மணிச் சத்தத்துல எந்திரிச்ச பிள்ளை. ஒரு தடவ மட்டும் குடுங்க. ஞாயித்துக்கெழம அது எப்படியும் ஒங்க வீட்டுக்கு வந்துரும்."

கடைசி வார்த்தையை அவர் குத்திச் சொல்லவில்லை, ஆறுதலாகத்தான் சொன்னார். ஞானசிகாமணிக்கு அது நெஞ்சில் போய் நின்றது. செருப்பைக்கூடப் போடாமல் இறங்கி மணியை ஒரு பக்கம் பிடித்தார். தேவஇரக்கம் மறுபக்கம் பிடித்தார். பிள்ளையைப் பறிகொடுத்த இரண்டு பேரும் மணியைத் தள்ளுவண்டியில் ஏற்றித் தெருவோடு தள்ளிக்கொண்டு போனார்கள். ரூபவதி கேட்டைச் சாத்திவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, துக்க வீட்டுக்குப் போனாள்.

மணி அடிக்கிறவர் கல்லறை வெட்டப் போயிருந்தார். மற்ற ஆட்கள் தூக்கிக் கட்டிக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார்கள். கயிறு ஞானசிகாமணி கையில் இருந்தது, தேவஇரக்கம் கீழே படியில் உட்கார்ந்திருந்தார். ஞானசிகாமணி கயிற்றை இழுத்தார், வாயில் பழகிய பெயர் வந்தது, "சுகிர்தா" என்றார். நாக்கு மணியில் போய் மோதியது, சத்தம் வரவில்லை. இன்னொரு தடவை இழுத்தார், "சுகிர்தா" என்றார், வெண்கலம் வெறும் மரமாக நின்றது. தேவஇரக்கம் தலையைத் தூக்கி அண்ணாந்து பார்த்தார். கேட்டுக்கு வெளியே நின்ற அந்தப் பார்வையை, ஆஸ்பத்திரி வராந்தாவில் தான் முழங்காலில் நின்றபோது தன் கண்ணில் இருந்திருக்கும் அந்தப் பார்வையை, ஞானசிகாமணி அப்போதுதான் இன்னொருவர் முகத்தில் பார்த்தார். கயிற்றை மறுபடியும் இழுத்தார்.

"பெர்சியாள்" என்றார்.

மணி அடித்தது. பனங்காட்டைத் தாண்டி, செம்மணல் தேரிமேட்டைத் தாண்டி, அந்த ஊர் அதுவரை கேட்டிராத அளவுக்கு அடித்தது. பெர்சியாள் என்றார், அடித்தது, பெர்சியாள் என்றார், அடித்தது, அவர் இழுக்க இழுக்க, சொல்லச் சொல்ல, பாளை சீவிக்கொண்டிருந்தவர்கள் பனையை விட்டு இறங்கினார்கள், எப்சிபாள் அடுப்பை அணைத்தாள், வாத்தியார் பள்ளிக்கூடப் பிள்ளைகளை எழுந்து நிற்கச் சொன்னார், தேவஇரக்கம் படியில் முகத்தை வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். ஞானசிகாமணி நிறுத்தவில்லை. அவர் கன்னத்திலும் தண்ணீர் ஓடியது, அது யாருக்காக என்று அவர் பிரித்துப் பார்க்கவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் ஐயர் ஜெபித்து முடித்து, எல்லோரும் ஒவ்வொரு பிடி மண் அள்ளிப் போட வரிசையாக வந்தார்கள். ஞானசிகாமணி முறை வந்தபோது குனிந்து மண்ணை அள்ளினார், போடாமல் நின்றார். இடது கை சட்டை உள்பைக்குள் போய்க் கைக்குட்டையை எடுத்தது. சுற்றி நின்றவர்களுக்கு அது என்னவென்று தெரியவில்லை. எதிரில் நின்ற ரூபவதிக்குத் தெரிந்தது.

"தேவஇரக்கம்," என்றார், "எம் பிள்ளையையும் ஒம் பிள்ளை கூட அனுப்பட்டுமா?"

தேவஇரக்கம் அந்த மஞ்சள் பொடியைப் பார்த்தார், குழியைப் பார்த்தார். "சின்னப் பிள்ளை மொதலாளி, தனியாப் போறா" என்றார். "கூட ஒரு அக்கா போனா நல்லதுதான்."

மண்ணோடு சேர்த்துப் பொடியையும் போட்டார். வெயிலில் அது கொஞ்சம் மினுங்கி, அடுத்து விழுந்த மண்ணுக்குள் மறைந்துபோயிற்று. கைக்குட்டையை உதறினார். அதில் ஒன்றும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, மறுபடியும் ஒரு தடவை உதறினார்.

ஞாயிறு மத்தியானம் ஞானசிகாமணி தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு கேட்டுக்குப் பக்கத்தில் நின்றார். தான் செய்ததை மறந்து நிற்கவில்லை, வேறு எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றார். மினி பஸ் வந்தது. வேப்பமரத்தடியில் ஆட்கள் இறங்கினார்கள், பையைத் தூக்கிக்கொண்டு அவரவர் தெருவில் திரும்பினார்கள். பஸ் புழுதியைக் கிளப்பிவிட்டுப் போனது. புழுதி அடங்கியது. தெரு நீளத்துக்கு வெயில் கிடந்தது, அதில் எதுவும் உருண்டு வரவில்லை. அவர் நின்றார். நிழல் காலடியிலிருந்து நீண்டு கேட்டைத் தாண்டுகிற மட்டும் நின்றார். பிறகு, பிள்ளையை அடக்கம் பண்ணிய அன்றுகூட அழாத மனுஷன், ஊர் யோபு என்று பேர் வைத்த மனுஷன், கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்து, சத்தம் போட்டு அழுதார்.

சமையலறையிலிருந்து ரூபவதி வந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் அவள் கேட்டு வரைக்கும் வந்து வெகுகாலம் ஆகியிருந்தது. அவருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவர் பார்த்துக்கொண்டிருந்த தெருவைத் தானும் பார்த்தாள்.

"வரல" என்றார் அவர்.

"ஆமா" என்றாள். "வரமாட்டா."

அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து அவர் முகத்தைத் துடைத்தாள், அதே துண்டால் தன் முகத்தையும் துடைத்துக்கொண்டாள். இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். பொழுது சாயும்போது ஆலயத்தில் மணி அடித்தது, நின்று நிதானமாக அடித்தது, மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் பனங்காட்டுக்கும் ஒன்றுபோலக் கேட்டது. ரூபவதி எழுந்து சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, "எந்திரிங்க" என்று கையை நீட்டினாள். "ஆராதனைக்கு நேரமாச்சு."